வண்டி ஓடாவிட்டாலும் ஆயில் கெடும்

"கார் வருஷத்துக்கு 3,000 கிலோமீட்டர்தான் ஓடுகிறது, 10,000 ஆகட்டும், அப்போது ஆயில் மாற்றலாம், ஃபில்டர் அதற்கடுத்த தடவை போதும்" என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி மூன்று வருஷம் விட்டுவிடாதீர்கள்.

இப்போதைய மாருதி பெட்ரோல் கார்களின் கையேட்டைப் பாருங்கள்: 10,000 கி.மீ. அல்லது ஒரு வருஷம், எது முதலில் வருகிறதோ அது. குறைவாக ஓடும் வண்டிக்குத்தான் சிக்கல் அதிகம். கடைத்தெரு வரை போய்வந்தால் இன்ஜின் முழுச் சூடு ஏறாது. உள்ளே படியும் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கிவிடும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடியில் பாருங்கள். பால்காபி நிறத்தில் கொழகொழவென்று ஒட்டியிருந்தால் பெரும்பாலும் இந்த ஈரம்தான். கூடவே கூலன்ட்டும் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைந்திருந்தால் அது ஆயிலில் கலக்கிறதோ என்னவோ, உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

ஆயிலை வடிகட்டும் ஃபில்டர் அடைத்துக்கொண்டால், அதைச் சுற்றி ஆயிலுக்கு மாற்றுவழி விடும் பைபாஸ் வால்வு திறந்து, வடிகட்டாத ஆயிலே இன்ஜினின் சுழலும் பாகங்களைத் தாங்கும் பேரிங்குகளுக்குப் போகும். ஆயில் செலவோடு பார்த்தால் ஃபில்டர் விலை சொற்பம், சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

அப்புறம், ஆயில் கறுத்ததை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். டீசல் வண்டியில் புது ஆயிலும் சில நாளிலேயே கறுத்துவிடும்.