சோலார் காரைத் தடுப்பது சதி அல்ல, சதுர மீட்டர்

"பெட்ரோல் வேண்டாம், சார்ஜும் வேண்டாம், வெயில் போதும்" என்று ஒரு சோலார் கார் வீடியோ அடிக்கடி சுற்றுக்கு வரும். கீழே "எண்ணெய் கம்பெனிக்காரன் விடமாட்டான்" என்று பத்து கமெண்ட். யாரும் தடுக்கவில்லை. காரில் இடம் இல்லை, அவ்வளவுதான்.

உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1000 வாட் விழும். நல்ல பேனல் அதில் 22 சதவீதத்தை மின்சாரமாக்கும். சாதாரண கார் கூரையில் ஒன்றரை சதுர மீட்டர் தேறும். அதாவது 330 வாட். மாடியில் 1 கிலோவாட் பேனல் போட்டால் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் வரும் என்பதால், இந்தக் கூரைக்கு 1.3 யூனிட். யூனிட்டுக்கு 7 கிலோமீட்டர் என்றால் நாள் முழுக்க வெயிலில் காய்ந்து 9 கிலோமீட்டர்.

அதுவும் முழுசாகக் கிடைக்காது. மாடிப் பேனலுக்கு அடியில் காற்று ஓடும். கார் கூரையோடு ஒட்டிய செல் அதைவிடச் சூடாகும், ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.35 சதவீதம் விழும். செல்கள் தொடர் இணைப்பில் இருப்பதால் ஒரு வேப்பங்கிளையின் நிழல் விழுந்தாலும் மின்சாரத்தைச் சுற்றுவழியில் விடும் பைபாஸ் டயோடு அந்த வரிசையையே ஒதுக்கிவிடும்; வழக்கமான பேனலில் மூன்றில் ஒரு பங்கு காலி. பேனலின் 40 வோல்ட்டை கார் பேட்டரிக்காக 300க்கு மேல் உயர்த்தும் கன்வெர்ட்டரும், சார்ஜ் ஏறும்வரை விழித்திருக்கும் பேட்டரி கட்டுப்பாட்டு எலக்ட்ரானிக்ஸும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். பேனலுக்காக வெயிலில் நிறுத்தினால் உள்ளே அடுப்பு. கிளம்பும்போது ஏசி அந்த வருமானத்தில் கை வைக்கும்.

நெதர்லாந்தின் லைட்இயர் 0 இதை நேர்மையாக முயன்ற கார். 5 சதுர மீட்டர் செல், சுமார் 1 கிலோவாட். விலை இரண்டரை லட்சம் யூரோ. 2022 கடைசியில் தொடங்கிய உற்பத்தி 2023 ஜனவரியில் நின்றது.

"பேனல் திறன் கூடினால்?" 100 சதவீதமே ஆகட்டும். கார்மேல் 4 சதுர மீட்டர் ஒட்டினாலும் 4 கிலோவாட்தான். நெடுஞ்சாலையில் 100 கிலோமீட்டர் வேகத்துக்கு ஒரு காருக்கு 15 கிலோவாட் போல வேண்டும்.

விமானத்தில் இடைவெளி இன்னும் கொடூரம். ஏர்பஸ் ஏ320-இன் இறக்கைப் பரப்பு சுமார் 122 சதுர மீட்டர். முழுக்கச் செல் ஒட்டினால் 27 கிலோவாட். அது பறக்கும்போது எரிபொருளாக எரிப்பது 25 மெகாவாட்டுக்கும் மேல். சோலார் இம்பல்ஸ் 2 என்ற சோலார் விமானம் உலகைச் சுற்றியது உண்மை. ஆனால் 72 மீட்டர் இறக்கை, 17,248 செல்கள், 2,300 கிலோ எடை, அதில் 633 கிலோ பேட்டரி. ஏறியது ஒரே ஒரு பைலட். 2015 மார்ச்சில் அபுதாபியில் கிளம்பியது 2016 ஜூலையில்தான் திரும்பியது. இடையில் ஜப்பானிலிருந்து ஹவாய் வந்ததும் சூடேறிக் கெட்ட பேட்டரியைச் சரிசெய்யவே மாதக்கணக்கில் நின்றது. ஆளில்லாமல் மேலேயே மிதக்கும் 75 கிலோ செஃபைர் ட்ரோன் போன்றவற்றுக்கு சோலார் கச்சிதம். பயணிகளுக்கு அல்ல.

மெதுவாக, அகலமாக இருப்பவைதான் ஜெயிக்கும். கேரளத்தின் வைக்கம்–தவணக்கடவு படகு 'ஆதித்யா' 2017 முதல் ஓடுகிறது: 75 பேர், கூரையில் 20 கிலோவாட் பேனல், 50 யூனிட் பேட்டரி. அதே ஆண்டு டெல்லியில் ரயில்வே விட்ட சோலார் ரயிலில் பெட்டிக்கு 16 பேனல். அவை ஓட்டியது விளக்கையும் விசிறியையும், இழுத்தது டீசல் எஞ்சின்.

தரையில் முயல வேண்டுமானால் இ-ரிக்‌ஷா சரியான இடம். 25 கிலோமீட்டர் வேகம், கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 50 வாட்-மணி. கூரையில் 350 வாட் போட்டால் நல்ல நாளில் 25 கிலோமீட்டர் போல கூடுதலாக ஓடும். ஒன்று கவனிக்கணும்: அந்தப் பேனல் தருவது 40 வோல்ட் சொச்சம், 48 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரிக்கு சார்ஜ் ஏற 57 வோல்ட்டுக்கு மேல் தேவை. சாதாரண எம்பிபிடி (பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவே வைக்கும் சார்ஜ் கன்ட்ரோலர்) வோல்ட்டேஜைக் குறைக்கும், ஏற்றாது. கன்ட்ரோலரில் விளக்கு எரியும், பேட்டரிக்குள் ஒன்றும் போகாது. பூஸ்ட் வகை எம்பிபிடி என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் சாதாரண எம்பிபிடியோடு 100 வாட், 18 வோல்ட் பேனல் நான்கைத் தொடரில் கட்டுங்கள்.