சைலன்சரைக் கழற்றினால் பத்மினி பறக்குமா?
"பழைய பிரீமியர் பத்மினி காரில் சைலன்சரைக் கழற்றிவிட்டுப் பெரிய குழாயை நேராக வெல்டிங் செய்தால் 10 குதிரைத்திறன் கூடும், செலவும் கம்மி" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அப்படியெல்லாம் திறன் ஏறாது. அந்த 1089 சிசி எஞ்சினே மொத்தம் 40 குதிரைத்திறன் பக்கம்தான். அதற்குத் தேவைக்கு மேல் அகலமான குழாய் போட்டால் புகை வெளியேறும் வேகம் குறைந்து, மேட்டில் மெதுவாக ஏறும்போது இழுவைதான் அடிவாங்கும். கூடுவது சத்தம், அதற்கு 10,000 ரூபாய் வரை அபராதம் வேறு.

சரி, கையில் காசு கம்மி, புகைக்குழாயைச் சரிசெய்ய வேண்டும் என்றால் முதலில் மேனிஃபோல்டு கேஸ்கெட்டை (எஞ்சினோடு புகைக்குழாய் சேரும் இடத்தில் புகை கசியாமல் அடைக்கும் தகடு) பாருங்கள். ஓரத்தில் கரி படிந்து, காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' என்று கேட்டு, சூடானதும் அடங்கினால் கசிவு பெரும்பாலும் அங்கேதான். அப்புறம் துருப்பிடித்த துண்டை மட்டும் அதே அளவுக் குழாயில் மாற்றுங்கள், சைலன்சரைத் தாங்கும் ரப்பர் வெடித்துப்போயிருந்தால் அதையும் சேர்த்து.