நர்சிங் கடன்: தவணை இல்லை என்றால் வட்டி இல்லை என்றா அர்த்தம்?

"பி.எஸ்சி. நர்சிங்குக்கு 4 லட்சம் கடன் வாங்கினால், படித்து முடித்ததும் அதே 4 லட்சத்தைக் கட்டினால் போதும், முதல் மாதமே 45,000 சம்பளம்" என்று சிலர் சொல்கிறார்கள். இரண்டுமே தவறு.

படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணைதான் கிடையாது. வட்டி, பணம் கொடுத்த நாளிலிருந்தே ஓடும். நான்காண்டுப் படிப்புக்கு ஆண்டுக்கு 1 லட்சம், 10 சதவீதத் தனிவட்டி என்று வையுங்கள். முதல் லட்சத்துக்கு 5 ஆண்டு வட்டி 50,000. அடுத்தவற்றுக்கு 40,000, 30,000, 20,000. ஆக, தவணை தொடங்கும்போது கடன் 5.4 லட்சம். 7 ஆண்டில் அடைக்க மாதம் சுமார் 8,965 ரூபாய். வட்டியை அப்போதைக்கப்போது கட்டிவந்தால் தவணை 6,640தான். குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால் மத்திய அரசின் வட்டி மானியம் உண்டு. வங்கியில் கேட்காமல் விடாதீர்கள், அவர்களாகச் சொல்வது அபூர்வம்.

அந்த 45,000? எய்ம்ஸ் நர்சிங் ஆபீசரின் அடிப்படைச் சம்பளம் 44,900. அதற்கு நார்செட் (NORCET) என்ற பணித் தேர்வில் தேற வேண்டும். தனியார் மருத்துவமனையில் 18,000 கொடுத்தால் பாதி தவணைக்கே போய்விடும். தவணையை 10 ஆண்டாக நீட்டினால் மாதம் 7,136. மொத்தத்தில் ஒரு லட்சம் கூடுதல்.