புருசன்ர கையெழுத்து

போன கிழமை மச்சாளோட ஒரு நொத்தாரிசிடம் போனேன். தாய் சீதனமாக எழுதிக் குடுத்த இரண்டு பரப்புக் காணி, மகளின்ர படிப்புக்கு விற்கவேணும். உறுதியைப் புரட்டிப் பார்த்தவர் கேட்ட முதல் கேள்வி: "புருசன்ர கையெழுத்து?"

புருசன் 2009 வைகாசியில் காணாமல் ஆக்கப்பட்டவர். அவருடைய படத்தைப் பிடித்தபடி மச்சாள் ரோட்டோரம் குந்தாத மழை வெயில் இல்லை.

"அப்ப மாவட்டக் கோட்டில சம்மதம் கேட்டு மனுப் போடவேணும். மரணச் சான்றிதழ் எடுத்தா சுகம், பிள்ளை."

மச்சாள் பேசவில்லை.

அவர் சொன்னது சட்டம்தான். யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் நகையை விற்கலாம். தன் காணியை விற்கப் புருசனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். 1911 ஆம் ஆண்டு யாழ்ப்பாணத் திருமண உரிமைக் கட்டளைச் சட்டம் அது.

இந்தக் கையெழுத்துச் சட்டம் அநியாயம் என்று சொன்னதற்கு ஒரு சொந்தக்காரர்: "வெள்ளைக்காரன்ர மனித உரிமையை வீட்டுக்க கொண்டு வராதேங்கோ. எங்களுக்கெண்டு ஒரு பண்பாடு இருக்கு." ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவை கூடினால் நித்திரை முழிச்சுப் பதிவு போடுகிற மனிசன். வெளியார் தலையிடவேண்டாம், எங்கட விசயத்தை நாங்களே பார்ப்போம் என்று கொழும்பு சொன்னால் இவருக்குக் கொதிக்கும்.

எந்தப் பண்பாடு? மட்டக்களப்புத் தமிழிச்சிக்கு இந்தக் கையெழுத்துத் தேவையில்லை, அவவைத் தேசவழமை கட்டுப்படுத்தாது. அவ தமிழ்ப் பண்பாட்டுக்கு வெளியிலயோ? வெள்ளைக்காரக் கணக்குப் பார்ப்பதென்றால், தேசவழமையை 1707 இல் ஏட்டில் ஏற்றுவித்தது ஒல்லாந்தர், 1911 சட்டம் ஆங்கிலேயர் காலத்தது. 1948 உலக மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் உறுப்புரையில் ஆண்களைக் குறித்த சொல்லை மாற்றி "மனிதர் எல்லோரும்" என்று வரப் போராடியவ குஜராத்துக்காரி ஹன்சா மேத்தா.

தேசவழமையைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. சீதனம் பெண்ணின் சொத்து என்று வைத்ததும் அதே வழமைதான். அந்த ஒரு கையெழுத்தை எடுங்கோ என்கிறேன். அதுவும் லேசில்லை: இலங்கை அரசியல் யாப்பின் 12 ஆம் உறுப்புரை சமத்துவம் பேச, 16 ஆம் உறுப்புரை பழைய சட்டங்கள் அதோடு முரண்பட்டாலும் செல்லும் என்கிறது. (எங்கட ஆம்பிளையள் 1978 யாப்பில் வாய் திறக்காத ஒரே உறுப்புரை இதுதான் போல.)

திரும்பி வரேக்க மச்சாள் கேட்டா: "மனுவில அவரை என்னெண்டு எழுதுவினம்?"

"இருப்பிடம் தெரியாதவர் எண்டு."

"கோடு அதை ஒத்துக்கொள்ளுமோ?"

"ஓம்."

"அப்ப அந்தத் தாளில எனக்கொரு கொப்பி எடுத்துத் தா."