வசந்தம் முந்தினால் வான்கோழியும் முந்துமா?

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் மார்ச் மாதம் வழக்கத்தைவிடச் சூடாக இருந்துவிட்டால், காட்டு வான்கோழி வேட்டைக்காரர்களிடையே ஒரு புலம்பல் தொடங்கிவிடும். பறவைகள் இப்போதே இணைசேரத் தொடங்கிவிட்டன, சீசன் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும், ஆகவே தேதியை முன்னுக்குக் கொண்டுவர வேண்டும் என்பார்கள். இங்கே குடியேறிய பிறகு இந்த வேட்டையைப் பழகிக்கொண்டவன் என்ற முறையில், இந்தக் கோரிக்கையை நான் ஏற்கவில்லை. சூடான வசந்தம் வேட்டையைக் கடினமாக்குகிறது என்பது உண்மைதான். ஆனால் அது காட்டையும் வேட்டைக்காரனையும் மாற்றுகிற அளவுக்கு வான்கோழியின் நாட்காட்டியை மாற்றுவதில்லை.

அறியாதவர்களுக்காக வேட்டையின் முறையைச் சொல்லிவிடுகிறேன். வசந்த சீசனில், சேவலையோ, மார்பில் முரட்டு மயிர்க்கற்றையாகத் தாடி தொங்கும் பறவையையோ மட்டுமே சுடலாம். தாடியுள்ளவை ஏறத்தாழ எல்லாமே சேவல்கள். விடியுமுன் காட்டுக்குள் போய், அகலமான மரமொன்றில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, சாக்பீஸ் தேய்த்த சிறிய மரப்பெட்டியின் மூடியை அதன் விளிம்பில் இழுத்துப் பெட்டையின் அழைப்பொலியை எழுப்ப வேண்டும். இயல்பில் சேவல் கூவும், பெட்டைதான் அதைத் தேடி நடக்கும். வேட்டைக்காரன் இதைத் தலைகீழாக்கிச் சேவலைத் தன் பக்கம் வரவழைக்கப் பார்க்கிறான். கண்ணெதிரே நிஜப் பெட்டைகள் மேய்ந்துகொண்டிருக்கும்போது, புதருக்குப் பின்னாலிருந்து வரும் ஒரு குரலை நம்பிச் சேவல் பெரும்பாலும் வராது.

ஆகவே பெட்டைகள் எப்போது அடைக்குப் போகின்றன என்பதே முக்கியமான கேள்வி. அதை முதன்மையாகத் தீர்மானிப்பது வெப்பநிலை அல்ல, பகலின் நீளம். பகல் நீள நீளப் பறவையின் மூளை அந்த வெளிச்சத்தை உணர்ந்து, இனப்பெருக்கத்துக்கான ஹார்மோன்களைச் சுரக்கச் செய்கிறது. நாமக்கல் கோழிப்பண்ணைகளில் விளக்கெரியும் நேரத்தைக் கூட்டி முட்டையிட வைப்பதற்குப் பின்னால் இருப்பதும் இதே உடலியல்தான். வெயிலும் குளிரும் முட்டையிடும் காலத்தைச் சற்று முன்னே பின்னே நகர்த்தலாம். ஆனால் மார்ச் மாதச் சூட்டைப் பார்த்து ஒரு பெட்டை மே மாத வேலையை மார்ச்சிலேயே முடித்துவிடாது.

இதற்கு 2012ஆம் ஆண்டைவிட நல்ல சாட்சி இல்லை. அந்த மார்ச் மாதம் அமெரிக்கப் பெருநிலப் பகுதியில் அதுவரை பதிவானவற்றுள் மிகச் சூடான மார்ச். 15,000க்கும் மேற்பட்ட உள்ளூர் வெப்பச் சாதனைகள் அந்த ஒரே மாதத்தில் முறியடிக்கப்பட்டன. பனி கிடக்க வேண்டிய பெரும் ஏரிகள் பகுதியில் 80 டிகிரி ஃபாரன்ஹீட் (சுமார் 27 டிகிரி செல்சியஸ்) வெயில் அடித்தது. மிச்சிகனில் செர்ரி மரங்கள் அந்தச் சூட்டை நம்பி முன்கூட்டியே பூக்கத் தலைப்பட்டு, பிறகு ஏப்ரலில் வந்த உறைபனியில் கருகியதால், புளிப்புச் செர்ரி விளைச்சலில் சுமார் 90 சதவீதம் போயிற்று. மரம் சூட்டைப் பார்த்து நடக்கும். பறவை வெளிச்சத்தைப் பார்த்து நடக்கும். இவ்விரண்டையும் ஒன்றாக நினைப்பதிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது.

பிறகு ஏன் மார்ச்சிலேயே சேவல்கள் தோகையை விரித்து ஆடுகின்றன? பனி சீக்கிரம் கரைந்தால் மேய்ச்சல் எங்கும் கிடைப்பதால், குளிர்காலத்தில் ஒன்றாகத் திரிந்த கூட்டங்கள் முன்னதாகவே பிரிகின்றன. சேவல்கள் தங்களுக்குள் யார் பெரியவன் என்று மோதிப் பார்க்கின்றன. கூவலுக்கு இரண்டு உச்சங்கள் உண்டு. கூட்டம் பிரிந்து பெட்டைகளைத் தேடும்போது ஒன்று. பெட்டைகள் அடைக்குப் போய்ச் சேவல்கள் தனித்துவிடப்படும்போது மற்றொன்று. மார்ச்சில் காதில் விழுவது முதல் உச்சத்தின் தொடக்கம். நம் மரப்பெட்டிக்குப் பதில் சொல்லி நடந்து வரும் சேவல் பெரும்பாலும் இரண்டாவது உச்சத்துக்கு உரியது. அதற்கு, நாளுக்கு ஒன்றாக ஏறத்தாழப் பத்துப் பன்னிரண்டு முட்டைகளை இட்டு முடித்து, 26 முதல் 28 நாள் வரை அடைகாக்கப் பெட்டை உட்கார்ந்தாக வேண்டும்.

சூடான வசந்தத்தில் உண்மையிலேயே மாறுவது இலைதான். வழக்கமான ஏப்ரலில் ஓக் மரங்கள் மொட்டையாக நிற்கும். எதிர்மேட்டில் கூவும் சேவலின் குரல் தெளிவாக வந்து சேரும், அது எந்த மரத்தில் அடைந்திருக்கிறது என்றுகூடக் கணிக்கலாம். இலை விரிந்துவிட்டால் அதே குரல் அமுங்கி, வெகுதூரத்திலிருந்து வருவதுபோல் கேட்கிறது. எட்டத்தில் இருப்பதாக எண்ணி நெருங்கினால், பறவை பக்கத்திலேயே இருந்து நம்மைப் பார்த்துப் பறந்துவிடும். “இந்த வருடம் கூவலே இல்லை” என்பவர்களில் பலர் கூவலைக் கேட்கவில்லை என்பதே என் கணிப்பு. இத்தகைய காட்டில் கூவலைவிட நான் நம்புவது சேவல் இறகைச் சிலிர்த்து நிற்கும்போது எழும் ஆழ்ந்த, தாழ்ந்த அதிர்வொலியை. காதைவிட நெஞ்சில் படும் அந்த ஒலி கேட்டுவிட்டால், இலைகளுக்கு அப்பால் பறவை மிக அருகில் இருக்கிறது என்று பொருள். அதற்குமேல் கையை அசைக்கக் கூடாது.

அடர்ந்த இலையில் இன்னொரு ஆபத்தும் உண்டு. சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்களில் இருக்கும் என்பதால், அந்த நிறங்களில் ஒரு கைக்குட்டைகூட வெளியே தெரியக் கூடாது என்பது இங்கே பாலபாடம். முழுப் பறவையையும் தாடியையும் காணாமல் விசையில் விரல் வைப்பவனோடு நான் காட்டுக்குப் போக மாட்டேன். உண்ணிகளும் சூட்டில் முன்னதாகவே சுறுசுறுப்பாகிவிடும். லைம் நோய் மிகுந்த மாநிலத்தில் தரையில் மணிக்கணக்காக உட்காருபவர் உடைக்குப் பெர்மெத்ரின் என்ற உண்ணிக்கொல்லியைத் தெளிக்காமல் போவது வம்பை விலைக்கு வாங்குவது. சுட்ட பறவையையும் வெயிலில் தூக்கிக்கொண்டு படம் எடுத்துக்கொண்டிராமல், உடனே குடலை நீக்கிப் பனிக்கட்டியில் வைக்க வேண்டும்.

தேதியை முன்னுக்கு இழுக்கச் சொல்பவர்கள் தென்மாநிலங்களையும் பார்க்க வேண்டும். விஸ்கான்சினைவிட வெப்பமான டென்னசி, 2023இல் சீசனின் தொடக்கத்தை மாநிலம் முழுவதும் இரண்டு வாரம் தள்ளி ஏப்ரல் நடுவுக்குக் கொண்டுபோனது. ஜார்ஜியாவும் அதற்கு முந்தைய ஆண்டே ஏப்ரலுக்குத் தள்ளியது. பெட்டைகள் இணைசேர்ந்து முடிப்பதற்கு முன்பே ஆதிக்கச் சேவல்களைச் சுட்டுவிட்டால் இனப்பெருக்கம் குலையலாம் என்ற கவலையே இதற்குக் காரணம். விஸ்கான்சினில் இந்தப் பறவை ஒருகாலத்தில் அற்றே போயிருந்தது. 1976இல் மிசௌரியிலிருந்து கொண்டுவந்து வெர்னன் மாவட்டத்தில் விடப்பட்டவற்றிலிருந்துதான் இன்றைய கூட்டங்கள் பெருகத் தொடங்கின. அப்படி மீட்ட பறவையின் விஷயத்தில் இரண்டு வார அவசரம் எனக்குப் புரியவில்லை.

இங்கே ஏப்ரலின் மூன்றாவது புதன்கிழமை தொடங்கி, ஏ முதல் எஃப் வரை ஒவ்வொரு வாரமாக ஆறு வேட்டைப் பருவங்கள் உண்டு; அனுமதிக்கான குலுக்கலுக்கு டிசம்பர் 10க்குள் விண்ணப்பிக்க வேண்டும். அப்போது வசந்தம் எப்படியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. நான் மே மாதத் தொடக்கத்தில் வரும் சி பருவத்தையே முதல் விருப்பமாக எழுதுவேன். மீதமாகும் அனுமதிகள் மார்ச்சில் விற்பனைக்கு வரும்போது, சூடு முந்தியிருந்தால், இன்னும் பிந்தைய ஒரு வாரத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்வேன்.