ஞானஸ்நானத்துக்குப் பின் மனந்திரும்ப இடமே இல்லையா?

ஆதித் திருச்சபையில் ஞானஸ்நானம் பெற்றபின் பெரும்பாவம் செய்தவருக்கு மனந்திரும்ப வழியே இருந்ததில்லை என்றும், அதைப் பிற்காலத்தில் குருமார் தங்கள் வசதிக்காகப் புகுத்தினார்கள் என்றும் ஒரு செய்தி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிவருகிறது. அது தவறு.

விசுவாசத்திலிருந்து விழுந்தவர்களை மறுபடியும் மனந்திரும்பப் புதுப்பிப்பது கூடாத காரியம் என்று சொல்லும் எபிரெயர் நிருபத்தின் 6-ஆம் அதிகாரத்தை மட்டும் பிடித்துக்கொள்வோர், 2-ஆம் நூற்றாண்டில் உரோமையில் எழுதப்பட்ட 'ஹெர்மாஸின் மேய்ப்பன்' என்ற கிறிஸ்தவ நூல் விழுந்தவருக்கு இன்னொரு முறை மனந்திரும்ப இடமளித்ததைக் கண்டுகொள்வதில்லை. 3-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வட ஆப்பிரிக்காவிலுள்ள கார்த்தேஜின் கிறிஸ்தவ எழுத்தாளர் தெர்த்துல்லியன் அந்த நடைமுறையையே விவரிக்கிறார்: பாவம் செய்தவர் சாக்குடுத்தி, சாம்பலில் கிடந்து, எளிய உணவு மட்டும் உண்டு, மூப்பர்களின் முன் விழுந்து, தமக்காக மன்றாடும்படி சகோதரர் அனைவரையும் கெஞ்சிக் கேட்பார். இதையா வசதிக்கான ஏற்பாடு என்பது? பின்னாளில் கடும் ஒழுக்கத்தை வலியுறுத்திய மொந்தானியர் என்ற பிரிவினர் பக்கம் சாய்ந்த தெர்த்துல்லியனே, கொடிய பாவங்களுக்குச் சபை மன்னிப்பு வழங்குவதை எதிர்த்தார் என்பது வேறு கதை.

செய்திக்கு வித்திட்டது உரோமைக் குருவான நொவாத்தியனின் நிலைப்பாடாக இருக்கலாம். உரோமைப் பேரரசன் தேசியுஸின் துன்புறுத்தலில் பிற தெய்வங்களுக்குப் பலியிட்டு விசுவாசத்தை மறுதலித்தவர்களைச் சபை மீண்டும் சேர்க்கலாகாது என்று 251-இல் உரோமையில் பிரிந்துபோனவர் அவர். ஆனால் அதே ஆண்டு கார்த்தேஜின் ஆயர் சிப்பிரியான் தலைமையில் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள், மறுதலித்தவர்களுக்கும் தவத்தின் வழியைத் திறந்தே வைத்தனர். 325-இல் ஆயர்கள் கூடிய நிசேயா சங்கத்தின் 11-ஆம் விதி காலத்தையும் வரையறுத்தது: வற்புறுத்தலின்றி மறுதலித்தவர்கள் 3 ஆண்டு மறைநூல் கேட்போர் வரிசையிலும், 7 ஆண்டு பணிந்து விழுவோர் வரிசையிலும், 2 ஆண்டு நற்கருணையின்றி ஜெபத்தில் மட்டும் பங்குகொண்டும் இருக்கவேண்டும்.