பாலிசி படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் சம்பளச் சீட்டைப் பாருங்கள்

ஜனவரி வந்தால் அலுவலகங்களில் வருமான வரிக் கழிவுக்கு ப்ரூஃப் கேட்கும் சீசன் தொடங்கிவிடும். வாடகை ரசீது, பிரீமியம் ரசீது, பிள்ளைகளின் பள்ளிக் கட்டண ரசீது என்று ஆளாளுக்கு எதையாவது தேடிக்கொண்டிருப்பார்கள். கொடுக்காவிட்டால் பிப்ரவரி, மார்ச் சம்பளத்தில் வரியை மொத்தமாகப் பிடித்துவிடுவார்கள் என்ற பயம்.

போன வாரம் எங்கள் அலுவலகத் தம்பி ஒருவர் சாப்பிட உட்காரும்போது ஒரு படிவத்தை நீட்டினார். "அண்ணா, இதைக் கொஞ்சம் பாருங்க. நாளைக்குக் கையெழுத்துப் போடணும்." எண்டோமென்ட் பாலிசி, அதாவது காப்பீடும் சேமிப்பும் கலந்த திட்டம். வருடம் 90 ஆயிரம் பிரீமியம், 15 வருடம் கட்ட வேண்டும். கொண்டுவந்து கொடுத்தவர் சித்தப்பா முறை. 80சி-யில் (சில சேமிப்புகளை வருமானத்திலிருந்து கழிக்க விடும் வரிப் பிரிவு) காட்டினால் வரி மிச்சமாகும் என்று சொல்லியிருக்கிறார்.

"நீங்க பழைய முறையா, புதிய முறையா தம்பி?" என்று கேட்டேன். வருமான வரிக் கணக்கில் இரண்டு முறை உண்டு: பழையதில் கழிவுகள் அதிகம்; புதியதில் கழிவுகள் சொற்பம், விகிதம் குறைவு. அவருக்குத் தெரியவில்லை. கைபேசியில் சம்பளச் சீட்டைத் திறந்து பார்த்தோம். புதிய முறை. 2023-24 நிதியாண்டிலிருந்து நாமாக எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறையில்தான் வைப்பார்கள். அதில் 80சி கழிவே கிடையாது. 90 ஆயிரம் கட்டினாலும் ஒரு ரூபாய் வரி குறையாது!

எனக்குக் கோபமாகவே வந்தது. 2011-ல் முதல் வேலையில் இருந்தபோது இதேபோல பிப்ரவரி கடைசியில் அவசரமாக நானும் ஒரு பாலிசி போட்டேன். நான்கு வருடம் கட்டி, முடியாமல் சரண்டர் செய்தபோது கட்டிய பணம்கூட முழுசாகத் திரும்பி வரவில்லை. எனக்காவது அன்றைக்கு வரிக்கழிவு கிடைத்தது. இந்தத் தம்பிக்கு அதுவும் இல்லை.

சரி, அவர் என்னதான் செய்யலாம்? டிஷ்யூ பேப்பரிலேயே கணக்குப் போட்டோம். நிறுவனம் போடும் பி.எஃப். நீங்கலாக அவருடைய சம்பளம் வருடத்துக்கு 13 லட்சத்து 60 ஆயிரம். சம்பளக்காரர் எல்லோருக்கும் கிடைக்கும் நிலையான கழிவு 75 ஆயிரம் போக 12 லட்சத்து 85 ஆயிரம். 2025-26 விகிதப்படி, செஸ்ஸும் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) சேர்த்து வரி 75,660 ரூபாய். 12 லட்சம் வரை இருந்திருந்தால் தள்ளுபடியில் வரியே இல்லை. 85 ஆயிரம் கூடப்போனதால் வந்த வினை.

இங்கேதான் பலர் கண்ணில் படாத ஒரு வழி இருக்கிறது. 80சிசிடி(2) என்ற பிரிவு. நம் என்.பி.எஸ். (தேசிய ஓய்வூதியத் திட்டம்) கணக்கில் நிறுவனமே பணம் போட்டால், அடிப்படைச் சம்பளத்தில் 14 சதவீதம் வரை புதிய முறையிலும் கழித்துக்கொள்ளலாம். தம்பியின் அடிப்படைச் சம்பளம் 6 லட்சத்து 80 ஆயிரம். அதில் 14 சதவீதம் 95,200. சம்பளத்திலிருந்தே அந்தத் தொகையைப் பிரித்து நிறுவனம் என்.பி.எஸ்.-ல் போட்டால், வரிக்குரிய வருமானம் 11,89,800. வரி பூஜ்ஜியம்.

95,200 சேமிப்பில் சேர்கிறது. அதே சமயம் 75,660 வரி போவதில்லை. கையில் குறைவது வருடத்துக்கு 19,540 தான். மாதம் 1,630 ரூபாய்க்குள். அந்தத் தம்பி டிஷ்யூ பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

இதை நாமாகப் போய் வங்கியில் கட்ட முடியாது. நிறுவனம் வழியாகத்தான் போக வேண்டும். நாமே கட்டினால் கிடைக்கும் கூடுதல் 50 ஆயிரம் கழிவு பழைய முறைக்கு மட்டும்தான். அதனால் எச்.ஆரிடம் கேட்டே ஆக வேண்டும். பெரும்பாலும் ஏப்ரலில் சம்பளக் கட்டமைப்பை மாற்றும்போதுதான் வாய்ப்பு. கேட்காதவர்களுக்கு யாரும் தேடி வந்து சொல்வதில்லை.

ஒன்றையும் மறைக்கக் கூடாது. இந்தப் பணத்தை நீண்ட காலம் நினைத்தபோது எடுக்க முடியாது. பிற்காலத்தில் மாதாமாதம் வரும் ஓய்வூதியத்துக்கு அன்றைய விகிதத்தில் வரி உண்டு. ஆக, ஒரு பகுதி வரி தள்ளிப்போகிறது, அவ்வளவுதான். வீட்டுக்கடன், பெற்றோர் மருத்துவம் என்று கைப்பணம் தேவைப்படுகிறவர்கள் யோசித்துச் செய்யுங்கள். அப்புறம், தம்பியின் கணக்கில் 12 லட்சத்துக்கு 10,200 ரூபாய்தான் இடைவெளி. வங்கி வட்டி அதைத் தாண்டினால் தாண்டிய தொகை கிட்டத்தட்ட அப்படியே வரியாகப் போய்விடும். அதையும் சேர்த்துப் பாருங்கள்.

பழைய முறை செத்துவிட்டதா என்றால் இல்லை. சென்னையில் வாடகைக்கு இருந்துகொண்டு ஊரில் வீட்டுக்கடன் கட்டுகிறவர்களுக்கு இன்னும் அது லாபமாக இருக்கலாம். ஆனால் 15 லட்சம் சம்பளக்காரர் ஒருவருக்குப் பழைய முறை கட்டுப்படியாக, நிலையான கழிவு போக ஏறக்குறைய 5 லட்சத்து 44 ஆயிரம் கழிவு காட்ட வேண்டும். 80சி-யின் ஒன்றரை லட்சம் உச்சவரம்பு 2014-க்குப் பிறகு உயரவே இல்லை. வாடகையோ கடன் வட்டியோ இல்லாமல் அந்தத் தொகையை எட்டுவது நடக்காத காரியம். எது லாபம் என்று ரிட்டர்ன் போடும்போது மாற்றிக்கொள்ளலாம். பழைய முறை வேண்டுமென்றால் கெடு தேதிக்குள் போட்டுவிட வேண்டும்.

அந்தத் தொகையை எட்டுவதற்காகப் பொய் வாடகை ரசீது மட்டும் வேண்டாம். உங்கள் பேன் எண்ணோடும் வீட்டு உரிமையாளரின் பேன் எண்ணோடும் எல்லாம் பொருத்திப் பார்க்கும் காலம் இது. தவறான தகவல் என்று முடிவானால் குறைத்துக் காட்டிய வரியில் 200 சதவீதம் அபராதம். அம்மா பெயரில் உள்ள வீட்டில் இருந்தால், மாதாமாதம் வங்கி வழியாக உண்மையிலேயே அம்மாவுக்கு வாடகை கொடுங்கள். அது சட்டப்படி சரியான வழி. அம்மா அதைத் தன் வருமானத்தில் காட்ட வேண்டும். அந்த வாடகையில் 30 சதவீதம் கழிவு அவருக்குக் கிடைக்கும்.

தம்பி எச்.ஆருக்கு மெயில் போட்டுவிட்டார். சித்தப்பாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் இன்னும் தயங்குகிறார். குடும்பத்துக்குப் பாதுகாப்பு வேண்டுமானால் ஒரு டேர்ம் பாலிசி (சேமிப்பு இல்லாத, ஆயுள் காப்பீடு மட்டும்) அவரிடமே எடுத்துக்கொள்ளச் சொன்னேன்.

கமெண்டில் மொத்தச் சம்பளம், அடிப்படைச் சம்பளம், வாடகை, கடன் வட்டி இவற்றை மட்டும் போடுங்கள். நிறுவனத்தின் பெயர் வேண்டாம். ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.